கம்பளி வாங்கலாம், கடன் வாங்க வேண்டாம்

(லுணுகலையில் 2025 செப்டெம்பரில் நடந்த மாதர் கூட்டத்தில், குளிரான இடங்களுக்குக் குடிபெயரும் குடும்பங்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை என்பது நமக்கு உடுப்புத் துவைக்கவும் விறகு சேர்க்கவும் கிடைக்கும் ஒரே நாள். அதையும் விட்டுவிட்டு ஹொப்டன், அடாவத்தை, மடுல்சீமைப் பக்கமிருந்தெல்லாம் வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பரில் பாடசாலை வருடம் முடிகிறது. பிள்ளைகளின் படிப்பு நடுவில் முறியக் கூடாது என்று அந்த நேரத்தில்தான் குடும்பங்கள் இடம் மாறுகின்றன. நம் ஆட்களில் சிலர் கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனை என்று மேலே போகப் போகிறார்கள். மரக்கறித் தோட்டத்து வேலை, மகளைக் கட்டிக் கொடுத்த இடம், சொந்தக்காரர் சொல்லிக் கிடைத்த வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். இரண்டு மூன்று வீட்டில் வெளிநாட்டுப் பயணமும் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அக்கா, குளிருக்கு என்ன வாங்குறது? எவ்வளவு சல்லி வேணும்?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிருக்குத் தேவையானதை ஒரு தொழிலாளர் குடும்பம் கடன் படாமல் வாங்க முடியும். ஆனால் எதை முதலில் வாங்குவது, எதைப் பிறகு வாங்குவது, எதை வாங்கவே கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் என்று வெயில் காயும் ஊர்களிலிருந்து வந்தவர்கள். இடுப்பில் ஒரு வேட்டி, தோளில் ஒரு துண்டு. அப்படியே மலையேறி வந்தவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு கம்பளி கொடுத்தார்கள். கறுப்பு நிறத்தில், முரட்டு ரோமத்தில், உடம்பைக் குத்தும் கம்பளி. மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள அதுதான், ராத்திரிக்குப் போர்வையும் அதுதான். அது தானம் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசிக்குப் பற்று எழுதியது போலவே கம்பளிக்கும் பற்று எழுதினார்கள். இந்தியாவிலிருந்து கூட்டி வந்த செலவு ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று ஏற்கெனவே கணக்கில் இருந்தது. அதற்கு மேல் அரிசி, அதற்கு மேல் கம்பளி. கடன் எவ்வளவு என்று எழுதிய ‘துண்டு’ கையில் இருந்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம், அந்தக் கடனைப் புதுத் தோட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

அன்று நம்மைக் கட்டி வைத்த கடனில் குளிரும் ஒரு கயிறு. இன்று துண்டு இல்லை. ஆனால் வாரா வாரம் வாசலுக்கு வந்து நிற்கும் நுண்கடன் இருக்கிறது. குளிரைக் காரணம் காட்டி அந்தக் கயிற்றை நாமே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கூடாது.

இன்னொரு குடிபெயர்வும் நம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். 1964 ஒக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று நம்மைக் கேட்காமலே பேசி முடித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர்களில் ஊவாக்காரரும் உண்டு. அவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் நீலகிரி. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்தில் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசாங்கம் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. அதுதான் ‘டேன்டீ’. ஊட்டி 2200 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. நம் நுவரெலியாவை விட உயரம். போனவர்கள் தட்டுமுட்டுச் சாமானைத் தகரப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள். போகும் இடம் எவ்வளவு குளிரும் என்று யார் அவர்களுக்குச் சொன்னது? நம் ஆட்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

சரி, நுவரெலியாவின் குளிர் எப்படிப்பட்டது? நாம் இங்கிருந்து பசறை, பதுளை, வெலிமடை வழியாக ஏறிப் போகும் வீதியும், லுணுகலையைத் தாண்டி பிபிலைக்கு இறங்கும் வீதியும் ஒன்றுதான், ஏ5. ஒரே வீதிதான், ஆனால் அந்தப் பக்கம் 1868 மீற்றருக்கு ஏறிவிடுகிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவுக்குச் சூடு குறையும் என்பது பொதுக் கணக்கு. அங்கே குளிர் இரண்டு வகை. தை, மாசியில் வானம் தெளிந்திருக்கும், பகலில் வெயில் அடிக்கும், விடியற்காலையில் புல்லில் வெள்ளையாக உறைபனி கிடக்கும், தேயிலைக் கொழுந்து கருகும். இது காய்ந்த குளிர். ஆனி, ஆடியில் காற்றும் தூறலும் மூடுபனியுமாக நாள் முழுக்க ஈரம். இது நனைந்த குளிர். முதல் குளிருக்குத் தடிப்பான துணி உதவும். இரண்டாவது குளிருக்கு, நனையாமல் காக்கிறதும் சீக்கிரம் காய்கிறதும்தான் வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். மேலே போவதற்கு முன்னால் வாரத் தவணைக் கடன் எடுத்து, புருஷன் பெண்சாதி இரண்டு பிள்ளைகள் நான்கு பேருக்கும் தடித்த புது ஜக்கட் வாங்கினார்கள். போய் முதல் வாரமே பிள்ளைகளுக்கு இருமல். ஜக்கட்டோடு படுத்தும் நடுக்கம். காரணம் என்ன தெரியுமா? சீமெந்துத் தரையில் ஒற்றைப் பாய். மேலே எவ்வளவு போர்த்தினாலும் உடம்புச் சூட்டைக் கீழே இருந்து தரை இழுத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் கிடந்த சாக்கையும் அட்டைப் பெட்டியையும் விரித்திருந்தால் பாதிக் குளிர் போயிருக்கும். ஜக்கட் கிழிந்த பிறகும் அவர்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே முதல் பாடம்: உடுப்புக்கு முன்னால் படுக்கை. நாளில் எட்டு மணித்தியாலம் நாம் அசையாமல் கிடக்கிறோம். அப்போதுதான் குளிர் உடம்புக்குள் இறங்குகிறது. கீழே அட்டை, அதன் மேல் சாக்கு, அதன் மேல் பாய், அதன் மேல் ஒரு பழைய போர்வை. இதில் பாதி காசில்லாமல் வரும். மேலே போர்த்துவதற்குப் பழைய சேலைகளை எடுங்கள். நாலைந்து சேலையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு, சுற்றிலும் தைத்து, நடுவிலும் குறுக்கு நெடுக்காக ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் அருமையான போர்வை. நம் கிழவிகள் தைத்ததுதான், புதுசு ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாடம்: ஒரு தடிப்பை விட மூன்று மெல்லிசு நல்லது. சூட்டைத் தருவது துணி அல்ல, உடம்புதான். துணிக்கும் துணிக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும் காற்று அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் உள்ளே உடம்போடு ஒட்டிய ஒரு கைநீளப் பனியன், அதற்கு மேல் ஒரு சுவெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தூறலும் புகாத ஒரு மெல்லிய ஜக்கட். வேலை செய்யும்போது உடம்பு சூடேறினால் ஒன்றைக் கழற்றலாம், மாலையில் திரும்பப் போடலாம். தடித்த ஒற்றை ஜக்கட்டில் அது முடியாது. உள்ளே வேர்த்து, அந்த வேர்வையே பிறகு குளிரும்.

பருத்தி நமக்குப் பழகிய துணி. ஆனால் நனைந்த பருத்தி குளிரில் எதிரி. டெனிம் காற்சட்டை தடிப்பாக இருக்கிறது என்று வாங்காதீர்கள். மூடுபனியில் இரண்டு நாளானாலும் காயாது. கம்பளி ரோமம் ஈரத்திலும் ஓரளவு சூடு காக்கும். ‘ஃபிளீஸ்’ என்று சொல்லும் பஞ்சு போன்ற செயற்கைத் துணி லேசு, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஆனால் அது தீயில் உருகி உடம்பில் ஒட்டும். அதைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளை அடுப்புக்குக் கிட்ட விடாதீர்கள். சுத்தமான கம்பளி என்று கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால், வாங்கிய பிறகு தையல் ஓரத்தில் ஒரு நூலை இழுத்து எரித்துப் பாருங்கள். மயிர் கருகும் வாடையும் பொடியாகும் சாம்பலும் வந்தால் ரோமம். உருகி மணி போல உருண்டால் செயற்கை. அடுத்த தடவை அந்தக் கடையில் என்ன விலைக்குக் கேட்பது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது பாடம்: சின்னச் சாமானை மறக்காதீர்கள். தலைக்கு ஒரு குரங்குத் தொப்பி, காலுக்கு மேஸ், கழுத்துக்கு ஒரு துண்டு. விலையில் குறைவு, பலனில் பெரிது. ஆளுக்கு மூன்று சோடி மேஸ் வேண்டும். ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று படுக்கைக்கு மட்டும். ஈர மேஸோடு ஒருநாளும் படுக்கக் கூடாது. மலைக்குப் போகும்போது இடுப்புக்குப் படங்கு கட்டுவது நமக்குத் தெரியும், தோளும் முதுகும் நனையாமலிருக்க ஒரு மழைக்கோட்டு இருந்தால் உள்ளே இருக்கிற சுவெட்டர் பிழைக்கும்.

இனி எங்கே வாங்குவது? நம் ஆட்கள் செய்கிற வழக்கம், இங்கேயே பதுளையில் எல்லாவற்றையும் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு போவது. என் யோசனை வேறு. போகும் நாளுக்கும் முதல் இரண்டு ராத்திரிக்கும் தேவையானதை மட்டும் இங்கே சேருங்கள். மிச்சத்தை நுவரெலியா டவுனில் வாங்குங்கள். அங்கே ‘பேல் பஜார்’ இருக்கிறது. சுவெட்டர், ஜக்கட், தொப்பி என்று வரிசையாகக் கடைகள். பேல் என்றால் இறுக்கிக் கட்டிய பொதி. அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். குளிர் ஊரில் குளிருடுப்புக் கடைகள் நிறைய, ஒன்றோடு ஒன்று போட்டி. அதனால் விலை பேசலாம். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை ஒருமுறை சும்மா நடந்து விலை கேளுங்கள். இரண்டாவது நடையில் வாங்குங்கள். ஏப்ரல் சீசனில் மட்டும் போகாதீர்கள். கொழும்புக்காரர் நிறைந்திருக்கும்போது உங்களோடு விலை பேச யாருக்கும் நேரம் இருக்காது.

அங்கே தொங்கும் ஏற்றுமதி உடுப்புகளைப் பார்த்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்த காலத்திலிருந்து இந்த நாட்டுப் பெண்பிள்ளைகள் குளிர் நாடுகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்புகிறார்கள். நம் லயத்துப் பிள்ளைகளும் அந்த மெசினில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது காமென்ட் வேலையில் இருந்தால், கடைக்குப் போகும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தத் தையல் நிற்கும், எது பிரியும் என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரியும்.

பழைய உடுப்பு வாங்குவதில் வெட்கம் வேண்டாம், கவனம் வேண்டும். சிப்பை மூன்று தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கக்கத்தையும் முழங்கையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் தேயும். உள்துணி கிழிந்திருந்தால் தைக்கலாம், சிப் போனால் மாற்றக் கூலி கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு சைஸ் பெரிதாக எடுத்துக் கையை மடித்துத் தையுங்கள், இரண்டு வருடம் ஓடும். பாடசாலைக்குப் போடும் சுவெட்டருக்கு நிறம் இருக்கும், புதுப் பாடசாலையில் கேட்ட பிறகு வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் போட்டுக்கொள்ளாதீர்கள். தாங்கும் துணியைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். சுடுநீர் தாங்காததை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வையுங்கள். சொறிப் பூச்சி மனித உடம்பு கிடைக்காமல் அவ்வளவு நாள் தாங்காது. பிறகு துவைத்துப் போடலாம்.

விலை கூடவா குறைவா என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது? ரூபாயில் பார்க்காதீர்கள், ‘பேரில்’ பாருங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் ஒரு பேருக்கு 1350 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, அதாவது 108 ரூபாய் போனால் மிச்சம் 1242 ஆக இருந்தது. மற்றப் பிடிப்புகள் வேறு. கடைக்காரர் ஒரு விலை சொன்னால் மனதுக்குள் கேளுங்கள்: இது எத்தனை பேர்? எத்தனை நாள் பிரட்டுக்குப் போய், எத்தனை நாள் மலையில் நின்றால் இது வரும்? அப்படிக் கேட்டால் கை தானாக அடுத்த கொடிக்குப் போகும்.

தீபாவளி வருகிறது, அட்வான்ஸும் வரும். அதில் குளிருடுப்பு வாங்கிவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அட்வான்ஸ் போனஸ் அல்ல. பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். தோட்டத்தை விட்டுப் போகிறவர்கள் மிச்சத்தை மொத்தமாகத் தீர்க்க வேண்டி வரும். அதனால் இன்றிலிருந்து டிசம்பர் வரை இருக்கும் மூன்று மாதத்தில், மாதத்துக்கு ஒரு சாமான் என்று சேருங்கள். இந்த மாதம் படுக்கை, அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு, மூன்றாவது மாதம் பெரியவர்களுக்கு. பத்துப் பேர் சேர்ந்து சிறு சீட்டுப் போட்டால் வட்டியில்லாமல் முடியும்.

இனிச் சொல்லப் போவது சல்லி விஷயமல்ல, உயிர் விஷயம். குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் காம்பறாவுக்குள் வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தணல் புகையாமல் சிவந்து கிடந்தாலும் அதிலிருந்து கார்பன் மொனொக்சைட் என்ற நஞ்சு வாயு வரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். நெருப்பில் குளிர் காய்வதென்றால் விழித்திருக்கும்போது, கதவைத் திறந்து வைத்துக் காயுங்கள். படுக்கும் முன் நெருப்பு வெளியே போக வேண்டும். சுடுநீரை மூடி இறுக்கிய போத்தலில் ஊற்றித் துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள், அது போதும். கைக்குழந்தைக்கு மட்டும் அந்தப் போத்தல் வேண்டாம், சுட்டுவிடும். பச்சைக் குழந்தைக்குத் தாயின் நெஞ்சுதான் முதல் கம்பளி. தோலோடு தோல் சேர்த்து அணைத்து, முதுகுப் பக்கம் போர்த்துங்கள். தூங்கும்போது முகத்தை மூடும்படி எதையும் போடாதீர்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நுவரெலியாக் குளிர் வேறு, உறைநிலைக்குக் கீழே போகும் குளிர் வேறு. கொரியாவில் சியோலில் தை மாத ராத்திரி மைனஸ் பத்துக்கும் இறங்கும். கனடாவில் அதை விடவும் போகும். பாலைவன நாடுதானே என்று ஜோர்தானுக்கு மெல்லிசுச் சட்டையோடு போகாதீர்கள், அம்மானில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் நல்ல குளிர். பனி நாட்டுக்கு வேண்டிய பெரிய கோட்டையும் சப்பாத்தையும் இங்கே வாங்காதீர்கள். இங்கே கிடைப்பது அந்தக் குளிருக்கு நிற்காது, பெட்டி எடையும் ஏறும். உள்ளே போடும் பனியன், மேஸ், தொப்பி, ஒரு நல்ல சுவெட்டர், இறங்கும் நாளுக்கு ஒரு ஜக்கட், இவ்வளவு போதும். மிச்சத்தை அங்கே பழைய உடுப்புக் கடையில் வாங்குங்கள். கனடாவில் ‘வெல்யூ வில்லேஜ்’, ‘சல்வேஷன் ஆர்மி’ கடைகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் ‘ஒக்ஸ்பாம்’ போன்ற தருமக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. இத்தாலியில் ‘கரித்தாஸ்’ இல்லாதவர்களுக்கு உடுப்புக் கொடுக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த நம் ஆட்களிடம் பழைய கோட்டு ஒன்று கேட்பதிலும் குறைவில்லை.

கடைசியாக, நம் சங்கத்துக்கு மூன்று வேலை.

ஒன்று: கிளையில் ஒரு கம்பளிப் பெட்டி வைப்போம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் சின்ன சுவெட்டர் மூலையில் கிடந்து எலி கடிக்கிறது. அதைத் துவைத்துக் கொண்டு வாருங்கள். போகிற குடும்பம் எடுத்துப் போகட்டும், திரும்பி வரும் குடும்பம் போட்டுவிட்டுப் போகட்டும். இதில் கொடுப்பவர் பெரியவர் இல்லை, எடுப்பவர் சிறியவர் இல்லை. கணக்குக் கொப்பியை மாதர் கமிட்டி பார்த்துக்கொள்ளும்.

இரண்டு: தோட்டத்துக்குப் போகும் குடும்பங்கள் கிளம்பு முன் விவரத்தைத் தலைவரிடம் கொடுங்கள். போகும் தோட்டத்துத் தலைவரோடு பேசி, கொடுக்கப் போகும் காம்பறாவின் கூரை ஒழுகுகிறதா, ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கிறதா, கதவு சேர்கிறதா என்று முதலே பார்க்கச் சொல்வோம். ஒழுகும் கூரைக்குக் கீழே எந்தக் கம்பளியும் பிரயோசனமில்லை. கூரை போடுவது நிர்வாகத்தின் வேலை. நம் சம்பளத்தில் போர்வை வாங்கி அதை ஈடுகட்டுவது நம் வேலை இல்லை.

மூன்று: யாராவது குளிருக்கென்று தவணைக் கடன் எடுக்க நினைத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கமிட்டியில் ஒருவரிடம் சொல்லுங்கள். ஏசுவதற்கு இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது, சீட்டில் யார் முறையை விட்டுக் கொடுப்பார்கள் என்று பார்ப்பதற்கு.

நம் முன்னோருக்குக் கம்பளியைக் கொடுத்தவன் கையிலேயே கணக்குப் புத்தகமும் இருந்தது. இந்தத் தடவை கணக்குப் புத்தகம் நம் கையில் இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கிறோம். வரும்போது வெறுங்கையோடு வராதீர்கள், ஒரு சோடி மேஸாவது கொண்டு வாருங்கள்.